கேமராவா, லென்ஸா?

கேள்வி: ஆரம்பநிலை டி.எஸ்.எல்.ஆர். வாங்கியவர்கள் 'இதற்குச் செல்போனே தேவலை' என்று புலம்புகிறார்களே, ஏன்?

பதில்: கேமரா பாவம், குற்றவாளி அதன் மூக்கில் மாட்டி வரும் 18-55 லென்ஸ். 2003-இல் கேனன் 300டி, லென்ஸோடு சேர்த்தே 1,000 டாலருக்குள் வந்தது. விலையைக் குறைக்க எங்காவது கைவைத்துத்தானே ஆகவேண்டும்? ஜூம் செய்து 55-க்குப் போனால் அந்த லென்ஸின் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளை, எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எண் குறையக் குறையத் துளை பெரிது). 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸோ ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். வெளிச்சம் போதாவிட்டால் ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்க வேண்டும், அதற்குள் அசைவதெல்லாம் கலங்கிவிடும். பிறந்தநாள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் கேக் தெளிவாகவும், ஊதுகிற குழந்தை ஆவி மாதிரியும் விழுவது இதனால்தான்.

'செல்போனில் நன்றாக விழுகிறதே?' என்பீர்கள். அது ஒரே நொடிக்குள் பல படங்களை எடுத்து, ஒட்டுப்போட்டு, மேக்கப்பும் போட்டுத் தருகிறது. டி.எஸ்.எல்.ஆர். அந்த வேலையை உங்கள் தலையில் கட்டுகிறது. (காசு கொடுத்து வேலை வாங்கிக்கொள்வது என்பது இதுதான்!) 'லென்ஸுக்கு வேறு தனியாகச் செலவா?' என்றால், ஆமாம். ஆனால் 50 எம்.எம். எஃப் 1.8 மலிவான ரகங்களில் ஒன்று. ஒன்று மட்டும்: நிக்கான் டி40 போன்றவற்றில் உள்ளே ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஆகவே லென்ஸில் 'ஏ.எஃப்-எஸ்' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் கையால் திருகிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.