ஐஸ் ஹவுஸுக்கு ஐந்நூறு கல்

டென்மார்க்கில் பில்லுண்ட் என்று ஒரு சின்ன ஊர். லெகோ கல்லின் பிறந்த வீடு. அந்த ஊரில் வளைவான பொருள் எதுவுமே கிடையாதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். 1958 ஜனவரி 28 அன்று காட்பிரட் கிர்க் கிறிஸ்டியான்சன் என்பவர், பிளாஸ்டிக் கல்லின் வயிற்றுக்குள் குழாய் வைத்து, ஒன்றை ஒன்று கவ்விப் பிடிக்கும்படி செய்து, காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டார். கவ்வுகிறது, மறுக்கவில்லை. பிரிப்பதற்குப் பல்லைக் கொடுக்கிற அளவுக்குக் கவ்வுகிறது. ஆனால் மனிதர் வட்டத்தைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசித்ததாகத் தெரியவில்லை. எல்லாப் பக்கமும் நேர், எல்லா மூலையும் 90 பாகை. அரசு குடியிருப்பு கட்டத்தான் லாயக்கு.

என் மகனை, நம் ஊர்க் கட்டடம் ஒன்றை லெகோவில் மாதிரியாகச் செய்து வரச் சொல்லிப் பள்ளியில் அனுப்பிவிட்டார்கள். சென்னையில் கட்டடத்துக்கா பஞ்சம்? அண்ணா சாலையில் எல்.ஐ.சி. இருக்கிறது. மேலே மேலே அடுக்கினால் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிடும். பையன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மெரினாவுக்கு எதிரே இருக்கும் ஐஸ் ஹவுஸ்தான் வேண்டும் என்றான். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைப் பத்திரப்படுத்த 1842இல் பிரெடரிக் டியூடர் கட்டியது அது. 1897இல் விவேகானந்தர் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம். கடலைப் பார்த்த முகப்பு அரைவட்டம்.

“முகப்பு ரவுண்டா இருக்கேடா?”

“அதனாலதாம்ப்பா.”

அந்தச் சமயம் பார்த்து எங்கள் வீட்டுப் பாத்ரூமில் டைல்ஸ் வேலை நடந்துகொண்டிருந்தது. டீ குடிக்க வந்த கொத்தனார் கூடத்தில் பரப்பியிருந்த கற்களில் ஒன்றை எடுத்து, அப்படியும் இப்படியும் திருப்பி, நகத்தால் சுரண்டியும் பார்த்தார். கிராமத்தில் கிணற்றுச் சுவர் எடுத்துப் பழகியவர்.

“இதுல கலவை எங்க சார் வைப்பீங்க?”

“கலவையே கிடையாதுங்க.”

“அப்புறம் எப்படி சார் வளையும்? உள்பக்கம் மூட்டு ஒடுக்கமா, வெளிப்பக்கம் அகலமா கலவை வெச்சாத்தானே கல்லு திரும்பும்?”

விஷயம் முழுக்க அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. நிஜச் செங்கல்லும் நேர்தான், வளைவது கலவை. லெகோவில் கலவைக்குப் பதிலாக இருப்பது ஒரு துளி இடைவெளி. கல்லின் தலையிலுள்ள குமிழ்கள் 8 மில்லிமீட்டருக்கு ஒன்றாக நிற்கின்றன. ஒரு குமிழ்க் கல்லின் அகலமோ 7.8 மில்லிமீட்டர்தான். பக்கத்துக் கல்லை நெருக்காமல் உட்காரவும், மறுபடி கழன்று வரவும் அந்த 0.2 மில்லிமீட்டரை விட்டுவைத்திருக்கிறார்கள். நம் அரைவட்டம் குடியிருக்க வேண்டிய இடம் அதுதான்.

இதற்கு ‘ஒன் பை டூ’ கல் வேண்டும். சூப் கடையில் கேட்பதில்லையா, அதேதான்: அகலத்துக்கு ஒரு குமிழ், நீளத்துக்கு இரண்டு. செங்கல் சுவர் மாதிரியே கீழ்வரிசை மூட்டுக்கு மேல் மேல்வரிசைக் கல்லின் நடு வர வேண்டும். அப்போது ஒவ்வொரு கல்லும் கீழே இருக்கும் இரண்டு கற்களை ஆளுக்கு ஒரு குமிழில் பிடித்திருக்கும். குமிழ் உருண்டை, அதனால் கல் அதன்மேல் கொஞ்சம் திரும்பும். சுவரின் இரு முனையையும் பிடித்து மெல்ல அணைத்தால், நிஜமாகவே வளைகிறது! என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “எங்கேங்க வளையுது?” என்றாள்.

அவள் கேட்டதிலும் தப்பில்லை. கணக்குப் போட்டால், 0.2 மில்லிமீட்டர் இடைவெளி ஒரு மூட்டுக்கு மூன்று பாகைக்கும் சற்றுக் குறைவாகத்தான் திரும்ப விடுகிறது. முழு வட்டம் மூட வேண்டுமானால் ஒரு வரிசைக்கு 120 கல்லுக்கு மேல். வட்டத்தின் குறுக்களவு இரண்டடி. நமக்கு வேண்டியது பாதிதான் என்று வைத்துக்கொண்டாலும், எட்டு வரிசைக்கு ஏறக்குறைய ஐந்நூறு கல். எட்டு வரிசையின் உயரம் மூன்று அங்குலம். இரண்டடி அகலம், மூன்றங்குல உயரம்: ஐஸ் ஹவுஸ் என்று சொன்னால் பார்ப்பவர்கள் ஐஸ் ஏற்கெனவே உருகிவிட்டது என்று நினைப்பார்கள். கூடவே, எங்கள் மைத்துனர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த டப்பாக்களில் ராக்கெட் உண்டு, டைனோசர் உண்டு. ஒன் பை டூ மட்டும் ஊறுகாய் அளவு.

கல்லை இன்னும் இறுக்கி வளைக்கலாமே என்பீர்கள். கூடாது. லெகோ கட்டுவதில் சட்டவிரோதம் என்று ஒரு பிரிவே இருக்கிறது. பிளாஸ்டிக்குக்கு நிரந்தர அழுத்தம் தரும் எந்த இணைப்பையும் அந்த நிறுவனத்து வடிவமைப்பாளர்கள் தங்கள் பெட்டிகளில் சேர்ப்பதில்லை. நாள்பட அழுத்தினால் கல் பிடிமானம் இழக்கும், விரிசலும் விடும். நம் ஊரில் அனுமதி வாங்காமல் மாடி எழுப்புகிறவர்கள் இந்தக் கட்டுப்பாட்டைக் கேட்டால் சிரிப்பார்கள்.

வழி, உருண்டைக் கல்லில் கிடைத்தது. ஒரு குமிழ் மட்டும் உள்ள, உருளை வடிவக் கல். மூன்று குமிழ்க் கல் ஒன்று, உருண்டை ஒன்று, மறுபடி மூன்று குமிழ் என்று ஒரு வரிசை. அடுத்த வரிசையின் மூன்று குமிழ்க் கல்லை, அதன் நடு கீழிருக்கும் உருண்டைமேல் வரும்படி வைக்க வேண்டும். அதன் இரு நுனிகளும் அக்கம்பக்கக் கற்களைப் பிடித்துக்கொள்ளும். உருண்டைக்கு மூலை இல்லாததால் பக்கத்துக் கல் தாராளமாகத் திரும்புகிறது. இந்த முறையில் சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்ன வட்டத்தையே மூடிவிடலாம். வெளிச் சுவரில் உருண்டைகள் தூண் தூணாகத் தெரிவது ஐஸ் ஹவுஸ் முகப்புக்குப் பாந்தமாகவும் இருந்தது.

அடுத்த வம்பு அஸ்திவாரம். அடித்தட்டின் குமிழ்கள் சதுரக் கட்டங்களில் நிற்கின்றன. வளைந்த சுவர் அவற்றில் இரண்டு மூன்று இடத்தில்தான் பொருந்தும். மற்ற இடத்தில் குமிழ்மேல் கோணலாக உட்கார்ந்து எகிறும். அங்கெல்லாம் குமிழில்லாத வழுவழுப்பான ஓடுகளைப் பதித்து, அதன்மேல் சுவரைச் சும்மா நிறுத்தி வைக்க வேண்டும். இதைக் கேட்ட கொத்தனாருக்கு டீ புரையேறிவிட்டது.

கம்பெனிக்காரர்களுக்கே வட்டம் எளிதில் அமைவதில்லை. 2020இல் ரோமாபுரியின் கொலோசியத்தைப் பெட்டியில் போட்டு விற்றார்கள்: 9,036 துண்டுகள். தூரத்திலிருந்து பார்த்தால் அழகான நீள்வட்டம். கிட்டே போனால் சுவரைச் சின்னச் சின்ன நேர்த் துண்டுகளாகக் கட்டி, கோணத்தை மாற்றி மாற்றி நிறுத்தியிருக்கும் சாமர்த்தியம் தெரியும். வளைத்தமாதிரியும் ஆச்சு, சட்டத்தை மீறாத மாதிரியும் ஆச்சு.

எங்கள் ஐஸ் ஹவுஸ் ஆட்டோவில் என் மடியில் உட்கார்ந்து பள்ளிக்குப் போனது. வேகத்தடையில் இரண்டு உருண்டைகள் உதிர்ந்ததோடு சரி. ஆசிரியை சுற்றிவந்து பார்த்துவிட்டு, “தாஜ்மஹால் யாரும் பண்ணலையா?” என்று கேட்டாராம்.

மகன் அசரவில்லை. லீவில் திருவனந்தபுரம் போனபோது தம்பானூரில் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸைப் பார்த்து வைத்திருக்கிறான். அது வட்டம் மட்டுமில்லை, சுற்றிச் சுற்றி மேலே வேறு ஏறுகிறது. ஆகவே, பிள்ளைகள் வளர்ந்துபோய், லெகோ டப்பா பரணில் தூங்கும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம்: மூன்று குமிழ்க் கல்லும் உருண்டைக் கல்லும் இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். சிவப்பு நிறமாக இருந்தால் உத்தமம்.