உப்பிட்டவரை உள்ளளவும்

டொராண்டோவில் மார்ச் பிறந்து, தெருவோரப் பனிக்குவியல்கள் கறுத்துக் கரையத் தொடங்கியதும் எங்கள் அலுவலகத்துச் சைக்கிள்காரர் தன் சைக்கிள் செயினைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். குளிர்காலம் முழுக்க சைக்கிளிலேயே வேலைக்கு வருகிறவர் என்பதால் டிசம்பர், ஜனவரியில் அவரிடம் வேறு பேச்சும் உண்டு: மைனஸ் பதினைந்தில் வந்தது, இமையில் பனி பிடித்தது, ஆணி பதித்த டயர் ஐஸைக் கவ்விய அழகு. மார்ச்சில் செயின் மட்டும்தான். லிஃப்டில் ஒப்புக்கு 'குளிர் குறைந்துவிட்டதே' என்று சொல்லிவிட்டீர்களானால் தொலைந்தீர்கள். குளிர் குறைந்தால் பனி உருகும், உருகினால் உப்புத் தண்ணீர், உப்புத் தண்ணீர் என்றால் செயின் என்று மூன்றே எட்டில் வந்து சேர்ந்துவிடுவார். நீங்கள் இறங்க வேண்டிய மாடி அதற்குள் போயிருக்கும்.

அவர் சொல்வதில் பொய்யே இல்லை என்பதுதான் கொடுமை. சாலையில் தூவுகிற உப்பு, தண்ணீரின் உறைநிலையைக் கீழே இறக்குகிறது. ஏறக்குறைய மைனஸ் பத்துக்குக் கீழே போனால் அதன் வேலை மந்தமாகிவிடும். அப்போது மணலையும் சேர்த்துத் தூவுகிறார்கள். பனி போன பிறகும் இரண்டும் சாலையிலேயே கிடக்கும். ஈர எண்ணெய் விட்டால் மணல் அதில் ஒட்டிக்கொண்டு செயினை உள்ளிருந்தே அராவும். உலர் எண்ணெய் விட்டால் முதல் குட்டையோடு போயிற்று. உருக்கிய மெழுகில் முக்கியெடுத்தால் இரண்டு ஈரநாளில் கணுக்கணுவாக ஆரஞ்சு நிறத்தில் துரு எட்டிப் பார்க்கும். இந்த மூன்று சமயங்களையும் ஒவ்வொரு குளிர்காலத்துக்கு ஒன்றாக அவர் தழுவி, துறந்து, தூற்றியும் ஆயிற்று. பையில் எப்போதும் ஒரு எஃகு அடிக்கோல் இருக்கும். புதுச் செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம். அதற்குமேல் 1/16 அங்குலம் நீண்டிருந்தால் செயினை மாற்ற வேண்டும். 1/8 நீண்டிருந்தால் பின்சக்கரத்துப் பல்சக்கரங்களும் போச்சு. இதை அவர் கேன்டீன் மேசையில், டிஷ்யூ பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்த பழைய செயினை விரித்து அளந்தே காட்டுவார், பக்கத்தில் யாரோ சூப் குடித்துக்கொண்டிருக்கும்போது. சனிக்கிழமை காலை அவர் வீட்டுக் குளியல்தொட்டி யாருக்கும் கிடைக்காது. வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய டூத் பிரஷ் சகிதம் சைக்கிள் அங்கே நீராடுகிறது. தொட்டியைச் சுற்றிப் படிகிற கறுப்பு வளையத்தைப் பற்றி அந்த வீட்டம்மாவின் கருத்து இதுவரை வெளியே வரவில்லை.

சாலை உப்பு சூழலுக்கு நச்சு என்று 2001-இல் கனடா அரசின் மதிப்பீடே சொன்னதும் அவருக்குத் தெரியும். ஆனால் ஓடையில் சாகும் மீனை அவர் செயின் தரப்புச் சாட்சியாக மட்டுமே கூண்டிலேற்றுவார்.

இவ்வளவு தெரிந்தவர் எங்கே வழுக்குகிறார் என்றால், முடிவில். 'ரோட்டைக் குறை சொல்லி என்ன பயன்? நாம்தான் தயாராக வர வேண்டும்' என்பது அவர் சித்தாந்தம். சைக்கிள் ஓட்டுவது மன உறுதியையும் செயினையும் பொறுத்தது என்று அவர் மெய்யாகவே நம்புகிறார். உண்மையில் அது துடைப்பத்தைப் பொறுத்தது. பின்லாந்தின் ஔலு நகரம் ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. அங்கே பள்ளிப் பிள்ளைகளும் பாட்டிமார்களும் பனியில் சைக்கிள் ஓட்டுகிறார்கள், கடைக்கு, பள்ளிக்கு, சாதாரண உடுப்பில். 2013-இல் குளிர்கால சைக்கிள் மாநாடு முதன்முதலாகக் கூடியதும் அந்த ஊரில்தான். அவர்களெல்லாம் வீரர்கள் அல்லர். முக்கியமான சைக்கிள் பாதைகளில் காலையிலேயே பனியைத் தள்ளி வழிவிட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான். பாதை திறந்திருந்தால் வீரம் தேவைப்படுவதில்லை. வீரம் தேவைப்படுகிற இடத்தில் பாட்டி வரமாட்டாள்.

ஔலுவில் குளிர் இறங்காமல் நிற்கும், பனி இறுகியே கிடக்கும், டொராண்டோவிலோ இன்று உருகி நாளை உறையும், இரண்டையும் எப்படி ஒப்பிடுவது என்று அவர் கேட்பார். நியாயமான கேள்வி. பூஜ்யத்தைச் சுற்றியே ஊசலாடும் ஊர்கள் ஐரோப்பாவிலும் இருக்கின்றன. ஸ்டாக்ஹோமில் சில பாதைகளில் பனி தள்ளும் கலப்பையை நம்பாமல், சுழலும் பெரிய பிரஷ்ஷால் பனியைத் தரையோடு துடைத்தெடுத்து, பின்னாலேயே உப்புநீரைத் தெளித்துக்கொண்டு போகிறார்கள். தரை துடைத்திருப்பதால் மணலுக்கு வேலை இல்லை. மார்ச்சில் பாதையில் கல்லும் இல்லை. அங்கும் உப்பு உண்டு, செயின் துருப்பிடிக்கத்தான் செய்யும். ஆனால் அந்த ஊர்க்காரர் அதைப் பற்றிப் பேசியே ஒரு மாதத்தை ஓட்ட வேண்டியதில்லை.

இங்கே நடப்பதைப் பாருங்கள். கார் ஓடும் தடத்தை யாரும் கூட்ட வேண்டியதில்லை. டயர்களே மணலையும் கல்லையும் விசிறி ஓரத்துக்குத் தள்ளிவிடும். அந்த ஓரத்துக்குப் பெயர்தான் சைக்கிள் பாதை. ஜனவரியில் கலப்பை ஒதுக்கும் பனியும் அங்கேதான் குவியும். 2025 பிப்ரவரியில் பத்து நாளுக்குள் அரை மீட்டருக்கு மேல் கொட்டியபோது இது நகரம் முழுக்கத் தெரிந்தது. பனி உருகியதும் அது வயிற்றில் வைத்திருந்த சரளை, கண்ணாடிச் சில்லு, காபிக் கோப்பை மூடி எல்லாம் அதே இடத்தில் இறங்கும். திருப்பத்தில் முன்சக்கரம் அந்தச் சரளையில் ஏறினால் பிரேக் உதவாது. ஒதுங்கி கார்த் தடத்துக்குள் போனால் பின்னாலிருந்து ஹார்ன். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் செயினுக்கு எந்த எண்ணெய் விட்டிருக்கிறது என்பது யாருக்கும் முக்கியமல்ல.

அவர் ஒருவராவது ஓட்டுவதால்தானே பாதைக்கு மதிப்பு என்று வாதிடலாம். 2024-இல் ஒன்டாரியோ மாகாண அரசு புளூர், யங், யுனிவர்சிட்டி சாலைகளின் சைக்கிள் பாதைகளை எடுக்கச் சட்டம் கொண்டுவந்த சமயத்தில், குளிர்காலத்தில் இதில் யார் போகிறார்கள் என்பது அடிக்கடி கேட்ட குரல். அவரைச் சாட்சியாகக் காட்டினால் என்ன ஆகும்? முகமூடி, மூக்குவரை கண்ணாடி, ஆணி டயர், சட்டைக்குமேல் சட்டை என்று அவர் வந்து நிற்பார். பார்க்கிறவர் 'இந்த ஒரு மனிதருக்காகவா இவ்வளவு இடம்?' என்றுதான் கேட்பார். புதிதாகச் சைக்கிள் வாங்க நினைக்கும் ஒரு பெண் அவரிடம் யோசனை கேட்டால், அரை மணி நேரச் செயின் பாடத்துக்குப் பிறகு அவள் பஸ் பாஸ் வாங்கிவிடுவாள். எந்தப் பாதையிலும் எப்படியும் வந்துவிடுகிற ஆள் ஒருவர் இருக்கிறவரை, பாதை சரியில்லை என்பதை யாருக்கும் நிரூபிக்க முடியாது.

ஆள் தங்கமானவர் என்பதில் சந்தேகமில்லை. வழியில் பஞ்சராகி நிற்கும் முன்பின் தெரியாதவருக்காக அந்தக் குளிரில் கையுறையைக் கழற்றிவிட்டுத் தன் மாற்று டியூபைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார், காசு வாங்கமாட்டார். அப்போதும் அந்த ஆளின் செயினைப் பார்த்து ஒரு உச்சுக்கொட்டல் உண்டு.

எண்ணெய்ப் புட்டியின் பெயரெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கும் இவர், நகராட்சியின் 311 எண்ணுக்கு ஒரு தடவைகூடப் போன் செய்தவரில்லை. பாதையில் சரளை கிடக்கிறது, பிரஷ் வண்டியை அனுப்புங்கள் என்று சொல்ல இரண்டு நிமிடம் ஆகும். அடுத்த முறை லிஃப்டில் மாட்டினால், அவர் செயினை எடுப்பதற்கு முன்பே போனை எடுத்து அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.