ஏ.எம்.சி. போட்ட குட்டை

ஊருக்குப் போறியா கண்ணு? போயிட்டு வா. பொட்டி கட்டியாச்சா? கேஸை மூடியாச்சா? நாய்க்குச் சோறு வெக்க ஆளு சொல்லியாச்சா? செரி, செரி. பொடக்காணியில 51,000 லிட்டர் தண்ணியக் கட்டி வெச்சிருக்கியே, அதை ஆரு பாத்துக்குவா?

"ஏ.எம்.சி. போட்டிருக்கேனுங்க அப்பாரு, வருசப் பராமரிப்பு ஒப்பந்தம்"ங்கற. அடேங்கப்பா! அந்த மூணெழுத்தைச் சொல்லறப்ப உன்ற மொகத்துல வர்ற வெளிச்சத்தைப் பாக்கோணுமே. குலதெய்வத்துக்குக் கெடா நேந்துட்டு வந்தவனுக்குக்கூட இத்தனை நிம்மதி இருக்காது.

வா, இப்படித் திண்ணையில உக்காரு. கார் வர இன்னும் நேரமிருக்குது. மேக்காலத் தோட்டத்துப் பையன் கதையக் கேட்டுட்டுப் போ.

அவனுக்குப் பெங்களூருல உத்தியோகம். பொள்ளாச்சிப் பக்கம் எங்க தோட்டத்தை ஒட்டித்தான் அவங்க தென்னந்தோப்பு. ரெண்டு வருசத்துக்கு முந்தி தோப்புக்கு நடுவால ஊடு கட்டினான். ஊட்டுக்குப் பொறத்தால நீச்சல்குளம். உன்றது மாதிரியேதான். முப்பதடி நீளம், பதினஞ்சடி அகலம், நாலடி ஆழம், அடியெல்லாம் நீல டைல்ஸ். வருசத்துல பன்னெண்டு நாளு வந்து குளிப்பான். மிச்ச நாளெல்லாம் குளத்துல வானம் குளிச்சுக்கிட்டுக் கெடக்கும்.

அதுக்கு நூறடி தள்ளி அவங்க தாத்தன் வெட்டின கெணறு இருக்குது. முதுகுல சொரபுருடையக் கட்டிக்கிட்டு நாங்க நீச்சப் பழகினது அதுலதான். அது பாசி புடிக்காமயா இருந்துச்சு? நல்லாப் புடிச்சுது. படியில வழுக்கி உழுந்துதான் என்ற முன்பல்லு பாதி போச்சு. ஆனா ஆழத்துக்கு வெயில் எறங்காது. எறைக்க எறைக்கத் தண்ணி மாறும். கோடையில தூர் வாருவோம். தண்ணியில தவளை கெடக்கும், மீனு கெடக்கும், ஆமைகூடக் கெடக்கும். உன்ற குளத்துல ஆமை கெடந்தா நீ எறங்குவியா? வெளம்பரத்துல காட்டற நீலமாட்ட இருக்கோணும்ப.

அந்த நீலம் சும்மா வருமா சாமி? நாலடித் தண்ணி. அடிவரைக்கும் வெயில். அசையாம நிக்குது, வெதுவெதுன்னு இருக்குது. மேல தென்னம்பூ உழுகுது, புழுதி உழுகுது, பக்கத்துத் தோட்டத்து ஒரமும் காத்துல வந்து உழுகுது. பாசிக்கு இதை உட்டா வேறென்ன வேணும்? நெல்லு நட்டாக்கூட இத்தனை ஜோரா வராது. அதைத் தடுக்கறது குளோரின்தான். லிட்டருக்கு 1 மில்லிகிராமுலிருந்து 3 மில்லிகிராம் வரைக்கும் எந்நேரமும் தண்ணியில நிக்கோணும். அந்தக் குளத்துக்குக் கணக்குப் போட்டா ஒரு கைப்புடி மாத்திரைத் தூளுக்கு மேல போகாது. இவ்வளவுதானான்னு கேக்காத. அந்தக் கைப்புடிய வெயில் தின்னுக்கிட்டே இருக்குது. காப்பு இல்லாத குளோரின் உச்சி வெயில்ல ஒரு மணி நேரத்துல பாதி காணாமப் போயிரும்.

அதுக்குத்தான் சயனூரிக் அமிலம்னு ஒண்ணைச் சேக்கறாங்க. குளோரினுக்குக் கொடை புடிக்கிற ஆளுன்னு வெச்சுக்க. வட்ட மாத்திரையா விக்கறாங்களே, டி.சி.சி.ஏ., அதுல கொடையும் சேந்தே வருது. நல்ல ஏற்பாடுதான். ஆனா குளோரின் செலவாகும், கொடை செலவாகாது. மாத்திரையவே போட்டுக்கிட்டு இருந்தா குளம் முழுக்கக் கொடையா நிக்கும். குளோரின் அதுக்கடியில சொகமாத் தூங்கும். சோதிச்சுப் பாத்தா குளோரின் இருக்குதும்பாங்க, தண்ணி பச்சையா இருக்கும். அப்பறம் பாதித் தண்ணிய எறைச்சுட்டுப் புதுத்தண்ணி உடோணும். கல்யாண ஊட்டுல பந்தி பரிமாற ஆளு கம்மி, மேற்பார்வைக்கு நாப்பது பேருங்கற கதை.

செரி, பையன் கதைக்கு வர்றேன். ஆனி மாசம் ஜெர்மனிக்கு ரெண்டு மாச வேலைன்னு கெளம்பினான். உன்னாட்டவே, "ஏ.எம்.சி. இருக்குதுங்க"ன்னான். வாரத்துக்கு ஒருக்கா ஆளு வருமாம். எலைய அள்ளி, செவுத்தைத் தேச்சு, தண்ணியச் சோதிச்சு, மருந்து போட்டுட்டுப் போட்டோ அனுப்புமாம். அவன் அங்க உக்காந்துக்கிட்டு போட்டோவைப் பாத்துக் கட்டைவெரல் படத்தைத் தட்டி உடுவான். குளத்துக்கும் அவனுக்கும் அத்தோட சோலி முடிஞ்சுது.

ஆடி வந்துச்சு. ஆடிக் காத்துன்னா உங்களுக்குத் துணிக்கடைத் தள்ளுபடிதான் நெனப்பு வரும். எங்களுக்குப் பாலக்காட்டுக் கணவாயில பூந்து வர்ற காத்து. மட்டையெல்லாம் பேயாடும். ஒரு ராத்திரி அவன் குளத்தோரத்துத் தென்னை வேரோட சாஞ்சுருச்சு. ஏதோ வேலையில சொல்ல மறந்து, பதினெட்டு நாளு கழிச்சுத்தான் போன் போட்டேன். "மரம் ஒண்ணு உழுந்துருச்சு தம்பி, வெறகுக்குக் குடுத்தறலாமா?"

"எந்த மரமுங்க அப்பாரு?"

"குளத்தோரத்துல நின்னுச்சே, அதுதான்."

"இல்லீங்களே. இன்னைக்குக் காலையில வந்த போட்டோவுல நல்லா நிக்குதே. கொலை தள்ளி இருக்குதே!"

என்ன மாயம் பாத்தியா? இங்க மரம் வெறகா வெட்டுக்குக் காத்துக் கெடக்குது. ஜெர்மனியில அது காய்ச்சுத் தொங்குது.

செவுரேறிக் குதிச்சுப் போய்ப் பாத்தேன். எழுவத்திமூணு வயசுல எனக்கு இது தேவையா? பச்சைன்னா பச்சை, புளிச்சகீரை கடைஞ்சு ஊத்தினாப்பல. ஏணிக்குப் பின்னால கையை உட்டா வெரல் வழுக்கிக்கிட்டுப் போகுது. எலை அள்ளற கூடையில தென்னம்பூ அழுகி, மோட்டாருக்குத் தண்ணி ஏறாம மூச்சுமுட்டி நின்னுருக்குது. தண்ணி மேல கொசுப்புழு நெளியுது. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாளு போதும். அதுக்கு இங்க பதினெட்டு நாளு வாடகையில்லாத ஊடு. தவளை ஒண்ணு மெதக்கற மருந்து டப்பா மேல உக்காந்து என்னயப் பாத்துச்சு. நீ ஆருங்கற மாதிரி.

கம்பெனிக்காரனைத் திட்டலாம்னுதானே நெனைக்கற? நானும் அப்படித்தான் நெனைச்சேன். வர்ற பையனைப் புடிச்சு வெச்சுக் கேட்டேன். பாவம், ஒரு நாளைக்கு எட்டு குளம் சுத்தறவன். "மூணு வாரமா வர்றேனுங்க ஐயா. கேட்டுப் பூட்டியிருக்குது. போட்டோ ஏத்தலீன்னா செல்லுல வேலை முடிஞ்சதா எடுத்துக்காதுங்க, அன்னாடக் கூலி கணக்குல ஏறாது. அதான் பழைய போட்டோவை ஏத்தினேனுங்க"ன்னான்.

சாவி எங்கன்னு கேளு. ஜெர்மனியில! அவன் சட்டைப் பையில பத்தரமா இருந்துச்சு. முந்தியெல்லாம் தோட்டத்தாளு கதவைத் தொறந்து உட்டிருக்கான். அவனையும் ஏ.எம்.சி. இருக்குதேன்னு ஆனியிலேயே நிறுத்திப்போட்டான். ஆனை வாங்கினவன் அங்குசத்தை ஊட்டுல வெச்சுப் பூட்டிட்டுப் போன கதை. பாக்காத பயிரும் கேக்காத கடனும் பாழுன்னு சொன்னவங்க நீச்சல்குளத்தைக் கண்டதில்ல. கண்டிருந்தா இன்னும் நல்லாத் திட்டியிருப்பாங்க.

இது நம்மூர்க் கெரகம் மட்டும்னு நெனச்சுக்காத. 2016-ல பிரேசில் நாட்டு ரியோவுல ஒலிம்பிக் நடந்துச்சல்லோ? பேரனோட டி.வி.யில பாத்தேன். மரியா லென்க் அரங்குல பொண்ணுக மேல இருந்து குதிக்கறாங்க, கீழ குளம் ஊறப்போட்ட கொத்தமல்லியாட்டப் பச்சை. ஒலகமே பாக்குது. அதிகாரிக ஆளுக்கொரு காரணம் சொன்னாங்க. கடைசியில பாத்தா, ஒப்பந்தக்காரர் ஒருத்தர் 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொட்டியிருக்காரு. அது குளோரினை அடிச்சுப்போட்டுது. பாசிக்குக் கொண்டாட்டம். பக்கத்துக் குளத்துத் தண்ணி 37 லட்சம் லிட்டரை எறைச்சு மாத்தினாங்க. அங்கேயும் ஏ.எம்.சி.தான் கண்ணு. அவங்களுது ஒலிம்பிக் அரங்கு, நம்முளுது தென்னந்தோப்பு.

அதனால போறதுக்கு முந்தி என்ன பண்ணோணும்? மொதல்ல சாவி. சிரிச்சாலும் செரி. ரெண்டாவது, ஒப்பந்தத்தைப் படி. கையெழுத்துப் போட்ட எடத்தை மட்டும் பாக்காத. கோடையில வாரம் ஒருக்கா பத்தாது, ரெண்டு தடவை வரச் சொல்லு. மருந்துக்குக் காசு ஆரு குடுக்கறது? மோட்டார் நின்னா ஆருக்குப் போன்? மணல் வடிகட்டியப் பின்னோட்டமாக் கழுவி உடறது அதுல சேத்தியா? கரண்டு போனாப் பழைய டைமர் கடியாரமும் கூடவே நின்னுரும். வந்தப்பறம் அது காலைன்னு நெனைக்கறது நமக்கு மத்தியானம். அதை ஆரு திருப்பி வெப்பாங்க?

சோதிக்கறதுன்னா ரெண்டு குழாய் வரும். ஒண்ணு மஞ்சளாகும், அது குளோரின். ஒண்ணு செவக்கும், அது பி.எச். பி.எச். 7.2-லிருந்து 7.6 வரைக்கும் இருந்தாத் தேவலாம். 8-ஐத் தொட்டா நீ போட்ட குளோரின்ல முக்காவாசி வேலை செய்யாமக் கெடக்கும், சர்க்கார் கட்டடத்துல மத்தியானத்துக்கு மேல இருக்கறாப்பல. மருந்தை எச்சாப் போடறதா இருந்தா பொழுது சாஞ்சு போடச் சொல்லு. ராத்திரிக்கு வெயில் வந்து திங்காதல்ல?

ஒண்ணு மட்டும் வெளையாட்டில்ல. டி.சி.சி.ஏ.யையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே பக்கெட்டுல கலந்தாத் தீப்புடிக்கும், வெடிக்கவும் வெடிக்கும். அள்ளற கரண்டிகூடத் தனித்தனியா இருக்கோணும். தண்ணியில மருந்தைப் போடு, மருந்து மேல தண்ணிய ஊத்தாத.

கடைக்காரன் ஊதாக் கலர்ல ஒரு தண்ணி விப்பான், பாசிக்கொல்லின்னு. நெம்ப வெல. பல டப்பாவுல இருக்கறது நம்ம மயில்துத்தம் வகைதான், செம்பு. தென்னைக் குருத்தழுகலுக்குச் சுண்ணாம்பு சேத்துப் போர்டோ கலவை அடிப்போமே, அதே துத்தம். பாசியக் கொல்லும், பொய்யில்ல. அளவு மீறினாச் செவுத்துல கறை புடிக்கும், வெளுத்த முடிக்காரங்களுக்குத் தலை பச்சையாகும். குளத்தைக் காப்பாத்தறேன்னு பாசியைத் தலையில வளத்தாப்பல.

தெளிஞ்சுதான்னு பாக்க எந்தக் கருவியும் வேண்டாம். ஒரு ரூவாயைக் குளத்துக்குள்ள போடு. கரையில நின்னு பூவா தலையான்னு தெரிஞ்சாத் தண்ணி செரி. தெரியலீன்னா ஏ.எம்.சி.காரனுக்குப் போன் போடு. ரூவா உன்றதுதான், எங்கயும் போயிராது.

அந்தப் பையன் குளம் நீலத்துக்குத் திரும்ப ஒம்போது நாளாச்சு. தேச்சாங்க, குளோரினைக் கொட்டினாங்க. பாசி செத்துத் தண்ணி மோராட்ட வெளுத்து நின்னுச்சு. அதை மணல்ல வடிச்சு வடிச்சுக் கழுவினாங்க. தவளையை நான்தான் கெணத்துல கொண்டு போயி உட்டேன். சாவி இப்ப என்ற ஊட்டு ஆணியில தொங்குது.

பழைய போட்டோ சமாச்சாரத்துக்கும் ஒரு வழி பண்ணினேன். தெனம் வெடியால எங்கூட்டுக் காலண்டர்ல தேதிய நான்தானே கிழிக்கறேன்? வர்ற பையன் அன்னைக்கு மொகப்புல இருக்கற தாளை வாங்கிட்டுப் போயி, அது மேல ரெண்டு குழாயையும் வெச்சுப் படம் புடிக்கோணும். தேதி தெரியோணும், மஞ்சளும் செவப்பும் தெரியோணும். பையனுக்கு வெக்கம். பெங்களூருக்காரனுக்குச் சந்தோசம், "சூப்பர் ஐடியா அப்பாரு"ன்னான். எனக்கும் கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு, எதுக்குப் பொய் சொல்லோணும்?

போன செவ்வாக்கெழமை மத்தியானம் போன். படிச்ச புள்ள, கம்ப்யூட்டரை ஆட்டி வெக்கறவன். கொரலு கம்மியிருக்குது.

"அப்பாரு, போட்டோ வந்துச்சுங்க. குளோரின் ஒண்ணுக்குக் கீழ இருக்குதுங்க."

"அப்பப் போடச் சொல்லு."

"இல்லீங்க... அந்தத் தாள்ல இன்னைக்கு என்ற ராசிக்குச் சந்திராஷ்டமம்னு போட்டிருக்குதே. நாளைக்குப் போட்டுக்கலாமுங்களா?"

நான் போனை வெச்சுப்போட்டுச் சாவிய எடுத்துக்கிட்டுக் கெளம்பினேன்.