சுளை யாருக்கு?

முப்புரத்தைச் சிவன் சிரித்தே எரித்தார் என்பது எங்கள் திருவதிகையின் ஐதீகம். சிரிப்புக்கு அவ்வளவு சக்தி மிச்சமிருந்தால், டெல்லியில் ஒரு கோப்பாவது இந்நேரம் பொசுங்கியிருக்க வேண்டும். அவ்வளவு சிரித்துவிட்டோம். இனி வயிறுதான் எரிகிறது.

இந்த எரிச்சல் பழையது. 1920இல் லண்டனில் பிரதமர் லாயிட் ஜார்ஜ். வேல்ஸ்காரர், வக்கீல், செருப்புத் தைக்கும் தாய்மாமன் வளர்த்த பிள்ளை. வீட்டில் பேசியது வெல்ஷ். ஆங்கிலம் அப்புறம் படித்தது. ஒரு கிழவரை அவர் மகளின் பக்கத்தில் அடக்கம் செய்ய ஆங்கிலத் திருச்சபைப் பாதிரியார் மறுத்தபோது, உள்ளே புகுந்து புதையுங்கள் என்று யோசனை சொல்லி, 1888இல் வழக்கையும் ஜெயித்தவர். சின்ன இனத்தின் ரோஷமெல்லாம் சொந்த ஊர் எல்லையோடு சரி. அவர் ஆட்சியில்தான் ரௌலட் சட்டம், ஜாலியன்வாலாபாக். அதே 1919இல் நமக்குச் ‘சீர்திருத்தம்’ வேறு.

அந்தச் சீர்திருத்தம் சென்னை மாகாணத்துக்குத் தந்த முதல் முதலமைச்சர் நம்ம கடலூர் வக்கீல், அ. சுப்பராயலு ரெட்டியார். 1920 டிசம்பர் 17இல் பதவியேற்றார். கல்வி, கலால், பொதுப்பணி அவருக்கு. நிதி, நிலவரி, போலீஸ் கவர்னர் வில்லிங்டனின் நிர்வாக சபைக்கு. பண்ருட்டிக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம்: பலாவை அரிகிறவன் கையில் பிசின், சுளை பங்களாவுக்கு. கல்வியையும் கலாலையும் ஒரே ஆள் தலையில் கட்டியதில் இன்னொரு குசும்பு. குடி குறைந்தால் பள்ளிக்கூடத்துக்குக் காசும் குறையும். (டாஸ்மாக் என்று யாரோ இருமுகிறார்கள். இருமட்டும், நியாயம்தான்.)

ஏழு மாதத்துக்குள் உடல்நலம் கெட்டு விலகினார், 1921லேயே காலமானார். நோய் நிஜம். அந்த நாற்காலியும் ஆரோக்கியமானதல்ல.

லாயிட் ஜார்ஜோ 1922இல், ஐ.சி.எஸ். துரைமார்களே இந்தியாவைத் தாங்கும் எஃகுச் சட்டம் என்று நாடாளுமன்றத்தில் உருகினார். அவர் காலத்து லண்டனில் சர் பட்டம் 10,000 பவுண்டுக்குப் படிந்தது. அதைத் தாங்கிய சட்டம் எந்த உலோகமோ.

வெள்ளைக்காரன் போய்விட்டான். பலா அரிவது நிற்கவில்லை. 2024-25இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குச் சமக்ர சிக்ஷா திட்டத்தில் வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தியது. குற்றம், பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதது. அந்த ஒப்பந்தத்துக்குள் தேசியக் கல்விக் கொள்கை, அதற்குள் மும்மொழி. பணம் என்ன அவர்கள் பாட்டன் வீட்டுச் சீதனமா? முந்திரிக்கொட்டை உடைத்து விரல் கறுத்துப்போன பெண், அந்தக் கறையைக் கழுவ வாங்கும் சோப்புக்கும் வரி கட்டுகிறாள். அவள் பிள்ளை என்ன மொழி படித்தால் அந்த வரி திரும்பி வரும் என்று டெல்லி நிபந்தனை போடுமாம்!

அந்தப் பிள்ளையைத் தனியார் பள்ளியின் 25 விழுக்காடு இலவச இடத்தில் சேர்க்க 2025 மே மாதம் அவள் அலைந்தபோது, விண்ணப்ப அறிவிப்பே வரவில்லை. டெல்லி பணம் தரவில்லை என்று சென்னை கைவிரித்தது. இங்கேயும் பலே ஆட்கள்: விழாவுக்கும் விளம்பரத்துக்கும் இல்லாத தட்டுப்பாடு எல்.கே.ஜி. வாசலில் வந்து நின்றது. பணம் வராததைச் சாக்காகச் சொல்லாதே என்று உயர் நீதிமன்றம் ஜூனில் மாநிலத்துக்குக் குட்டு வைத்தது. மாநிலமோ டெல்லிமேல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தது. இரு தரப்பிலும் மூத்த வக்கீல்கள். அவர்கள் பீஸை மட்டும் எந்த அரசும் நிறுத்தி வைத்ததாகத் தகவல் இல்லை.