கொடி எது, காய் எது?

அம்பத்தூர், ஆவடி சி.எஸ்.ஐ. சபைகளில் ஆங்கிலிக்கன் யார், மெதடிஸ்ட் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (அம்பத்தூர் வாசகர்)

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பூசணிக்காயை எடுப்பவர், அது எந்த வீட்டுக் கொடியில் காய்த்தது என்றா கேட்கிறார்? நாடு இரண்டாகப் பிரிந்த ஆறே வாரத்தில், 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் ஒன்றாகி சி.எஸ்.ஐ. எனும் தென்னிந்தியத் திருச்சபை ஆயின. ஐக்கிய சபைக்குள் பிரஸ்பிட்டேரியன்களும் காங்கிரகேஷனல்களும் 1908-லேயே கலந்திருந்தார்கள். பேராயர் பதவி ஆங்கிலிக்கன் மரபின் வரவு. அப்படியென்றால் அதிகாரம் மேலேதானே என்று நீங்கள் மடக்கலாம். ஆனால் உள்ளூர்ச் சபையை நடத்துவதில் ஆயரோடு உட்காரும் குருசேகரக் குழுவைச் சபையாரே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது மற்றவர்கள் கொண்டுவந்த சீதனம். இரண்டையும் பிரித்தால் இன்றைய சபையே இல்லை.