சம்பூர் வீதியில் ஒரு மின்துளை

மோட்டார் சைக்கிளில் கைத்தொலைபேசிக்குச் சார்ஜ் ஏற்றுவதற்காகப் பொருத்தப்படும் துணை மின்துளை என்பது, பற்றறியின் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும் ஒரு சிறு பெட்டியும் இரண்டு வயர்களும் ஒரு இறப்பர் மூடியும் மட்டுமே ஆயினும், அதை எங்கே, எப்படிப் பொருத்துவது என்பதில் கராஜ்களில் நிலவும் கருத்து வேறுபாடுகள் சைவ வைணவ வாதங்களுக்குச் சற்றும் இளைத்தவை அல்ல. கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள சம்பூரை முன்வைத்து இதை ஆராய்வது பொருத்தமானதே. மின்சாரம் குறித்து இவ்வளவு பெரிய எண்களைக் கேட்டு இவ்வளவு காலம் காத்திருந்த ஊர் இலங்கையில் வேறொன்று இருப்பது அரிது.

2006இல் போரினால் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் முகாம்களில் இருந்தபோதே, அவர்களுடைய மண்ணில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் அமைப்பது என்று பேசப்பட்டு, அதற்காக இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் என்.டி.பி.சி. நிறுவனமும் 2011இல் கூட்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கின. மக்கள் 2015இலும் 2016இலும் ஊர் திரும்பினர். நிலக்கரித் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. அதன்பின் நிலக்கரியின் இடத்தைச் சூரியன் பிடித்துக்கொள்ள, 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்தின் கட்டுமானத் தொடக்க விழா 2025 ஏப்ரல் 5 அன்று, இரு நாட்டுத் தலைவர்களும் சம்பூருக்கு வராமலேயே, காணொளி வழியாக நடந்தேறியது. ஒரு கைத்தொலைபேசிக்குப் பத்து வாட் என்று கொண்டால், 120 மெகாவாட்டில் ஒரு கோடியே இருபது இலட்சம் கைத்தொலைபேசிகளுக்கு ஒரே நேரத்தில் சார்ஜ் ஏற்றலாம். சம்பூரிலிருந்து வெருகலைத் தாண்டி மட்டக்களப்புக்குப் புறப்படுபவருக்கு வேண்டியதோ அவற்றுள் ஒன்றுக்கான பங்கு மட்டுமே. அதுவும் விழா ஏதுமின்றி.

இத்தேவை ஆடம்பரம் அன்று என்பதை நாட்டுக்கு உணர்த்திய பெருமை 2022ஆம் ஆண்டையே சாரும். அவ்வாண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. ஜூலையில், எரிபொருளைப் பங்கிட்டு வழங்குவதற்காகக் கைத்தொலைபேசியில் காட்ட வேண்டிய கியூஆர் குறியீடு என்னும் கட்டக் கோலம் நடைமுறைக்கு வந்து, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர் என்று விதிக்கப்பட்டது. பெற்றோல் பெறத் தொலைபேசி உயிருடன் இருக்க வேண்டும், தொலைபேசி உயிருடன் இருக்க மின்சாரம் வேண்டும், வீட்டில் மின்சாரம் இல்லாதபோது மோட்டார் சைக்கிள் ஓட வேண்டும், அது ஓடப் பெற்றோல் வேண்டும் என்னும் இச்சுழலைத் தருக்க நூலார் சக்கரகம், அதாவது சுற்றி வந்து தொடங்கிய இடத்தையே பற்றி நிற்கும் குற்றம், என்பர். குறியீட்டைக் காகிதத்தில் அச்சிட்டு வைத்திருந்தவர்கள் இக்குற்றத்திலிருந்து தப்பினர். அவர்களை இக்கட்டுரை ஆராயாது.

மின்துளைகளுள் மூத்தது, மோட்டார் காரில் சிகரெட் பற்றவைக்க வைத்த குழியாகும். புகைப்பவர் குறைந்த பின்னும் குழி குறையவில்லை. எனினும் மோட்டார் சைக்கிளின் அதிர்வில் அதில் செருகியது மெல்ல மெல்லக் கழன்று வெளியேறிவிடும் என்பதால், பி.எம்.டபிள்யூ போன்ற நெடும்பயண வண்டிகளில் இறுகப் பிடிக்கும் சிறிய ஜெர்மானியத் துளை வழக்கிலுள்ளது. சம்பூரை அடுத்த மூதூரின் வீதிகளில் ஓடும் பஜாஜ், ஹீரோ வண்டிகளுக்கு யூஎஸ்பி துளையே போதுமானது. ஆயினும் மலிவான சில துளைகள் தரும் மின், வழிகாட்டும் வரைபடம் விழுங்கும் மின்னைவிடக் குறைவாதலால், ‘சார்ஜ் ஆகிறது’ என்னும் அறிவிப்புடனேயே தொலைபேசி அணைந்துபோவதும் உண்டு. அரசாங்க அறிவிப்புகளுக்குப் பழகியவர்களை இது திடுக்கிடச் செய்வதில்லை.

இனி வயர் இணைப்பு. பற்றறியிலிருந்து நேரே வயர் இழுப்பது முதற் கட்சி. இக்கட்சியினரின் துளை, வண்டி நிற்கும்போதும் இருபது மில்லி அம்பியர் அளவில் குடித்துக்கொண்டிருக்குமானால், எட்டு அம்பியர்-மணி கொள்ளும் பற்றறியைப் பதினேழு நாட்களில் வறளச் செய்துவிடும். முகப்பு விளக்கின் வயரைக் கீறி ஒட்டுவது இரண்டாம் கட்சி. பழைய சிறு வண்டிகள் பலவற்றில் அவ்விளக்குக்குப் போவது திசை மாறிக்கொண்டேயிருக்கும் ஆடலோட்ட மின் என்பதால் துளை கருகும், மின் சரியாக இருக்கும் வண்டிகளிலும் ஒரு கோளாறு நேர்ந்தால் விளக்கும் சேர்ந்து அணையும். சேருவில பக்கத்து வீதியில் இரவில் விளக்கணைந்தால் எதிரே நிற்பது யானையா இருளா என்பதைத் தொட்டுத்தான் அறிய வேண்டியிருக்கும். திறப்பைத் திருப்பினால் மட்டும் மின் பாயும் வயரால் ஒரு ரிலேயை, அதாவது சிறு மின்னோட்டத்தால் இயங்கிப் பெரு மின்னோட்டத்தைத் திறந்துவிடும் ஆளியை, இயக்குவது மூன்றாம் கட்சி. சரியானது இதுவே, ஆனால் கராஜ்காரர் ஒரு மணித்தியாலம் கூடுதலாக வேலை செய்ய வேண்டியிருப்பதால் ஆதரவாளர் குறைவு.

இக்கரையில் பழுதை அலட்சியம் செய்வது நன்றன்று. புயலில் பாய்மரம் இழந்த கப்பலைத் திருத்தக் கொட்டியாரத்தில் ஒதுங்கிய இங்கிலாந்தர் றொபேட் நொக்ஸ், 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, ஊர் போக 19 ஆண்டுகள் காத்திருந்தார். இன்றைய பயணிக்கு அவ்வளவு தாமதம் நேராது என்றாலும், உப்புக் காற்றும் மாரி மழையும் மூடியில்லாத துளையைப் பச்சை பூக்கச் செய்ய அதிக காலம் எடுத்துக்கொள்வதில்லை.

கட்சி எதுவாயினும் பியூஸ் இல்லாத இணைப்பு தவறு. மின் மிகுந்தால் தான் உருகி வயரைக் காக்கும் இவ்விழையின் விலை ஒரு தேநீரின் விலையை ஒத்ததே. ஆதலால் வாசகர்கள் மூன்று அல்லது ஐந்து அம்பியர் பியூஸ் ஒன்றைப் பற்றறியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பொருத்தச் சொல்லி, அது பொருத்தப்படும்வரை கராஜை விட்டு நகராதிருப்பார்களாக.