கை படாக் கழுவல்: ஒரு விரல் ஆராய்ச்சி

ஆய்வுப் பொருள், என் மைத்துனரின் பிஒய் 02 வெள்ளைக் கார். களம், காரைக்கால் வரிச்சிக்குடியில் அவர் வீட்டு வாசல். கருவி, என் வலது கை ஆள்காட்டி விரல்.

சென்னை போன கார் அங்கே ஒரு தானியங்கி நிலையத்தில் குளித்துவிட்டு வந்தது. பிரஷ் கிடையாது, துணி கிடையாது. குழாய் வளைவு ஒன்று வண்டியைச் சுற்றி வந்து நுரை அடித்து, தண்ணீர் பீய்ச்சி, காற்றூதி அனுப்பிவிடுமாம். “ஒரு கீறல் விழாது மச்சான்” என்றார். பின் கண்ணாடியில் விரலை வைத்து இழுத்தேன். கோடு விழுந்தது. வழியில் ஒட்டிய தூசி என்று அவர் ஆட்சேபித்தார். நியாயந்தான். எல்லை தாண்டும்போது தமிழ்நாட்டுத் தூசியை இறக்கிவிட்டு வர இங்கே யாரும் சொல்வதில்லை.

எனவே மறு சோதனை. பக்கத்து வாட்டர் சர்வீஸில் வெறும் கன் மட்டும் அடிக்கச் சொல்லி, காய்ந்த கையோடு விரலை வைத்தேன். மறுபடி கோடு.

இதற்கு விடை 1904லேயே கிடைத்துவிட்டது. ஓடும் திரவம் ஒரு பரப்பைத் தொடுமிடத்தில் வேகமே இல்லாமல் நிற்கிறது; அதையொட்டி மெல்லிய மந்த அடுக்கு ஒன்று இருக்கிறது என்று ஜெர்மானியர் லுட்விக் பிராண்டில் காட்டினார். தடித்த சேற்றை அடித்துத் தள்ளும் தண்ணீர், அந்த அடுக்குக்குள் பதுங்கிய பொடித் தூசியின் தலைக்கு மேலே போய்விடுகிறது. மழையும் கை படாக் கழுவல்தானே? ஐப்பசி கார்த்திகையில் வானம் இலவசமாக எத்தனை முறை கழுவியும் கார் அழுக்காகவே நிற்பதன் காரணம் இதில் பாதி. மீதி, முன்னே போகும் டிராக்டர்.

ஆகவே வேகத்தை நம்பிப் பயனில்லை, ஊறவைக்க வேண்டும். ஹெங்கெல் நிறுவன வேதியியலாளர் ஹெர்பர்ட் சின்னர் 1959இல் இதை ஒரு வட்டமாக வரைந்தார்: நேரம், சூடு, மருந்து, தேய்ப்பு. ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றைக் கூட்டு. உவர்மண்ணும் வெள்ளாவியும் வைத்திருந்தவர்கள் வட்டம் வரையாமலே இதைச் செய்தார்கள். தானியங்கி நிலையங்கள் சிலவற்றில் முதலில் அமில நுரை, பிறகு கார நுரை என்று இரண்டு சுற்று அடிக்கிறார்கள். பித்தளைக் குடத்துக்கு முதலில் புளி, பிறகு சாம்பல் போட்ட என் அப்பாயிக்கு யாரும் காப்புரிமை கொடுக்கவில்லை.

இவ்வூர் அழுக்கும் லேசுப்பட்டதல்ல. கடற்காற்றின் உப்பு, அறுவடை நாளின் நெல் சுணை, டீசல் கரி, இவற்றுக்கு மேல் காக்கை எச்சம். எச்சத்திலுள்ள யூரிக் அமிலம் பெயிண்டையே தின்னும். அதைத் தனியாக நனைத்து வைப்பது நல்லது.

மூன்றாம் சோதனையை நானே மேற்பார்த்தேன். பானெட் ஆறும்வரை நிழலில் நிறுத்தினோம். நுரையைக் கீழிருந்து மேலாக அடித்தோம். மேலிருந்து அடித்தால் வழியும் சோப்பு காய்ந்த கதவில் தாரை தாரையாகத் தடம் விடும். இரண்டு நிமிடம் ஊறல், காயவிடக் கூடாது. வாட்டர் சர்வீஸ் பையன் அவசரப்பட்டான், டீ சொல்லி உட்கார வைத்தேன், வடையும் வந்தது. பிறகு ஓரடி தூரத்தில் கன். கடைசி அலசலுக்கு போர் தண்ணீர் ஆகாது. குடிநீரிலேயே லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்புகள் ஏற்கத்தக்கவை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கடலோரத்து போர் அந்த வரம்பை மதிப்பதில்லை, காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி வைக்கும். ஆகவே ஒரு கேன் ஆர்.ஓ. தண்ணீர். மைத்துனர் அதன் விலையைச் சொன்னார். ஆய்வேட்டில் அது சேராது.

காய்ந்ததும் விரலை வைத்து இழுத்தேன். தூசிக் கோடு இல்லை. ஆனால் கண்ணாடியில் நீளமாக ஒரு வடை எண்ணெய்த் தடம் இருந்தது. மைத்துனர் தோளிலிருந்த துண்டை எடுத்தார்.